காம்பு டாக்டர் வீட்டுப் பசு

கால்நடை மருத்துவரான அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அலுவலகப் பதிவேட்டில் மட்டும்தான் புழங்கியது. மற்றவர்களுக்கு அவர் காம்பு டாக்டர். காம்புக்குள் பட்டாணி அளவு சதை வளர்ந்திருந்தாலும், நுனித் துவாரம் சுருங்கியிருந்தாலும் இரண்டு விரல்களுக்கிடையே உருட்டியே சொல்லிவிடுவார். துடைப்பக் குச்சியை விட்டு அடைப்பெடுக்கப் பார்த்தவர்களை மட்டும் அவர் மன்னித்ததில்லை.

அப்படிப்பட்டவர் வீட்டுச் செவலைப் பசு ஒருநாள் பாலை அடக்கிக்கொண்டது. முழுக்க நிறுத்தியிருந்தாலாவது ஒரு கௌரவம். ஆறு லிட்டர் கறந்தது, ஒன்றரையோடு போதும் என்று நின்றது. காம்பில் வெடிப்பு. களிம்பு, ஊசி என்று அவர் கவனித்ததில் வெடிப்பு ஒரு வாரத்தில் ஆறியது, பால்தான் திரும்பவில்லை.

கறப்பது மனைவி. பக்கத்திலேயே நின்று மேற்பார்வையிடுவது அவர். முதல் பாலைக் கறுப்புத் தட்டில் பீய்ச்சிப் பார்த்தார், திரிதிரியாக எதுவும் வரவில்லை. மடியில் சூடில்லை, கட்டியில்லை. நான்கு காம்புகளும் பாடப்புத்தகத்தில் படம் போடும் தரத்தில் இருந்தன. பால் இறக்கும் ஊசி போட்டார், இறங்கியது. மறுநாள் ஊசியில்லாமல் இறங்கவில்லை. மறுபடி ஊசி.

"ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும்னு சொல்வாங்க" என்றாள் மனைவி. "குத்திக் கறக்கணும்னு யாரும் சொல்லல. தம்பிகிட்ட பேசிட்டேன். சனிக்கிழமை வண்டி கொண்டாந்து மாட்டை ஏத்திட்டுப் போறான்."

"அவசரப்படாத. இன்னும் ரெண்டு பரிசோதனை பாக்கி இருக்கு."

"மாட்டுக்கா, எனக்கா?"

காம்பு டாக்டர் வீட்டு மாடே பால் விடாமல் வண்டியேறியது என்றால், அந்தச் செய்தி மாட்டுக்கு முன்னால் ஊர் போய்ச் சேரும். அப்புறம் எந்தத் தொழுவத்தில் அவர் தலைநிமிர்ந்து மடியைத் தொடுவது?

வியாழக்கிழமை விடியலிலேயே வெளியூர் முகாமுக்குப் போய்விட்டு இரவு திரும்பினார்.

"ரெண்டு வேளையும் முழுசாக் குடுத்தா" என்றாள் மனைவி.

"பாத்திரத்தைச் சரியா அளந்தியா?"

"பாத்திரத்துக்கும் ஒரு ஊசி போடுங்களேன்."

அவர் சாப்பிடாமல் யோசித்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, கறக்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது. பயந்த மாடு பாலை விடாது. அந்தக் கேள்வியால் எத்தனையோ நாய்களையும் ஒரு மாமனாரையும் தொழுவத்திலிருந்து வெளியேற்றியிருக்கிறார். சொந்த வீட்டில் மட்டும் கேட்கவில்லை. நின்றது அவராயிற்றே.

வெள்ளிக்கிழமை மாலை சுவருக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். பாத்திரத்தில் சர் சர்ரென்று பால் விழுந்தது. ஆராய்ச்சி முறைப்படி ஒருமுறை இருமினார். சத்தம் நின்றது.

உள்ளே வந்து, "நோய் நான்தான்" என்றார்.

"அது எனக்குக் கல்யாணமான மறுவருஷமே தெரியும்."

சனிக்கிழமை காலை மைத்துனன் வண்டியோடு வந்து நின்றான்.

"மாடு போகாது" என்றார் அவர். "நான்தான் போறேன்."

"எங்க மாமா?"

"தெருமுனைக்கு. கறந்து முடிச்சதும் உங்க அக்காவைக் கூப்பிடச் சொல்லு."

தெருமுனையில் நின்றவரைச் சைக்கிளில் வந்த தபால்காரர் பார்த்தார்.

"என்ன டாக்டர், காலையிலேயே இங்க?"

"வீட்டுல மாட்டுக்கு வைத்தியம் நடக்குது."

"யார் பாக்குறா?"

"நான்தான்" என்று சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கறந்து முடிய இன்னும் ஆறு நிமிடம் பாக்கியிருந்தது.