காற்றுப் போகாத பெட்டி

என் அப்பாவுக்குப் பொருளைப் பார்த்துத் தரம் சொல்வதில் அபாரமான நம்பிக்கை, அதாவது, தன்மேல். திருவனந்தபுரம் ஆரியசாலையில் மிளகாய் வற்றலும் மல்லியும் மொத்த வியாபாரம். மூட்டைக்கு வெளியே மூக்கை வைத்தே சரக்கு எந்த ஊர், எவ்வளவு வெயில் கண்டது என்று சொல்லிவிடுவார். அந்தத் திறமையை மிளகாயோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். குடை, பூட்டு, மாப்பிள்ளை என்று எதை எடுப்பதானாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது தெருவில் வழக்கமாகிவிட்டது.

அவர் தேர்ந்தெடுத்த மாப்பிள்ளைகளில் ஒருவர்தான் என் அத்தையின் கணவர். கல்யாணமான மறுவருஷமே விஷஜுரத்தில் போய்விட்டார். அத்தை வெள்ளைச் சேலையோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ஜுரத்துக்கு அப்பா பொறுப்பில்லை என்றாலும் அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அத்தைக்கு நல்ல குரல். பாடிப் பொழுதுபோக்கட்டும் என்று ஒரு சுருதிப்பெட்டி வாங்கித் தரத் தீர்மானித்தார்.

அந்தக் காலத்தில் ஜெர்மன் பெட்டிக்குத்தான் மவுசு. எங்கள் எதிர்வரிசைப் பெருங்காயக் கடைக்காரர் ஒன்று வாங்கி, தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு மினுமினுப்பு. அப்பா அதைத் தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார். "வார்னிஷ்தான் சரக்கு, பெட்டி சும்மா" என்று வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொன்னார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்துக்குப் போனார்.

அங்கே ஆர்மோனியமும் சுருதிப்பெட்டியும் செய்கிற ஒருவர் புதிதாகக் கடை போட்டிருந்தார். கடை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாங்கள் உள்ளே போனதும் அவர் வெளியே வந்து நிற்க வேண்டியதாயிற்று. நாகர்கோவில் பக்கத்து வேதக்காரர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. முப்பது வயதுக்கு மேல் இருந்தும் கல்யாணமாகாதவர். எங்கள் வீட்டில் அவரைப் பெட்டிக்காரர் என்றே சொல்வோம்.

அவர் செய்த பெட்டியில் மினுமினுப்பு கிடையாது. ஆனால் நல்ல பலாமரம். மூலைகளில் பசையை மட்டும் நம்பாமல் பலகையோடு பலகை பல்லுப் பல்லாகக் கோத்திருந்தது. காற்றடிக்கிற துருத்திக்கு ஆட்டுத்தோல்; வெட்டின ஓரம் எங்கேயும் தெரியாமல் உள்ளே மடித்து ஒட்டியிருந்தது. உள்ளே ஒலி எழுப்புகிற பித்தளை நாக்குகளைக் கூட அப்பா விரலால் தடவிப் பார்த்தார். துவாரங்களை அடைத்துத் துருத்தியை விரித்து வைத்தார் பெட்டிக்காரர். காற்று ஒழுகினால் துருத்தி மெல்லச் சாய்ந்துவிடுமாம். அது விறைப்பாக நின்றது. அப்பா ஜெர்மனியையே தோற்கடித்துவிட்ட முகத்தோடு பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து, கண்டவர்களிடமெல்லாம் அதன் பெருமையைப் பேசினார்.

ஒரு மாதம் ஆவதற்குள் பெட்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெருங்காயக் கடைக்காரருக்கு அன்று சாப்பாடே வேண்டியிருந்திருக்காது.

அப்பா ஆள் அனுப்பினார். பெட்டியைக் கடைக்குக் கொடுத்துவிட அவருக்குச் சம்மதமில்லை. நல்ல நாக்கைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிடுவார்கள் என்று வியாபாரிக்கே உரிய சந்தேகம். அதனால் பெட்டிக்காரரே பசையும் தோலும் அரமும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, முன்தாழ்வாரத்தில் உட்கார்ந்து பழுது பார்க்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. கண்காணிக்க நான். அப்பா மத்தியான வேளையில் கடையில் இருப்பார், அம்மா தூங்குவாள்.

பெட்டிக்காரர் துருத்தியின் மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். வட்டமாக ஒரு ஓட்டை. வெகுநேரம் அதையே பார்த்தார்.

சாயங்காலம் அப்பாவிடம், "பாச்சை அரிச்சிருக்கு அண்ணாச்சி" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கரப்பான்பூச்சிகளுக்குக் கெட்ட காலம். அப்பா கற்பூரம் கொண்டுவந்தார், வேப்பிலை கொண்டுவந்தார், கடைசியில் காந்தாரி மிளகாயை அரைத்து மூலைக்கு மூலை தடவினார். அத்தை அவர் கொடுத்ததையெல்லாம் பெட்டியைச் சுற்றி அடுக்கினாள். நான் செருப்பும் கையுமாகத் திரிந்தேன். அப்படியும் பெட்டியில் ஓட்டை விழுந்தது. ஒட்டிய இடத்தில் இல்லை, புதிதாக வேறு மடிப்பில்.

"பாச்சைக்கு இந்த வீட்டிலே வேற ஒண்ணுமே ருசிக்கல்லியா?" என்று அம்மா பொதுவாக ஒருநாள் கேட்டாள்.

ஓட்டை அடைப்பது சின்ன வேலைதான். அதன் பிறகு சுருதி பார்ப்பதுதான் பெரிய வேலை. பெட்டிக்காரர் ஒரு நாக்கை அரத்தால் இலேசாகத் தேய்ப்பார், ஊதவிடுவார், என்னைப் பார்ப்பார்.

"சேருதான்னு அத்தையிட்டக் கேளு மக்கா."

அத்தை உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்று ஷட்ஜத்தைப் பிடிப்பாள். அந்தக் குரல் பெட்டியின் ஒலியோடு சேர்ந்து, எது எதுவென்று தெரியாமல் நிற்கும். எனக்குக் கேட்டவரையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அத்தை, "இன்னும் ஒரு நூல் கொறவுன்னு சொல்லு" என்பாள். நான் ஓடிப்போய்ச் சொல்வேன். அவர் தேய்ப்பார். "இப்போ கூடிப்போச்சு" என்பாள். மறுபடி ஓடுவேன். சங்கீதத்தில் இவ்வளவு கறாராக இருக்கிற இரண்டு பேரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. ஒரு மத்தியானம் முழுவதும் என் கால்தான் ஓய்ந்தது. அவர்களுக்கு அலுக்கவே இல்லை.

ஒருநாள் அத்தை கடை மூட்டைகளைத் தைக்கிற கோணி ஊசியோடு பெட்டியின் முன்னால் குனிந்திருப்பதைப் பார்த்தேன். துருத்தி மடிப்புக்குள் ஊசியை விட்டுத் திருகிக்கொண்டிருந்தாள். கரப்பான்பூச்சியை அதன் வளைக்குள்ளேயே குத்திக் கொல்கிற துணிச்சல் யாருக்கு வரும்? எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த முறை பெட்டிக்காரர் வந்தபோது அதைச் சொன்னேன்.

"அத்தை கோணி ஊசியாலே பாச்சையைக் குத்துறா, தெரியுமா?"

பசை தடவிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் உள்ளறைக் கதவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "வேற யாருட்டயும் சொல்லிராத மக்கா. பாச்சைக்குக் கேட்டுரும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. நான் சொல்லவில்லை.

ஆனால் ஊர் பேசிக்கொண்டுதான் இருந்தது. "மிளகாய்க்காரர் வாங்கின பெட்டி, மாசாமாசம் வைத்தியம் வேணும்" என்று பெருங்காயக் கடைக்காரர் பரப்பினார். சந்துக் கடைக்கு வாங்க வருகிறவர்கள் குறைந்தார்கள். அந்த நேரம் பார்த்து, ஆரியசாலை வியாபாரிகள் நடத்திய பஜனை மடத்துக்குப் பெரிய ஆர்மோனியம் ஒன்று செய்யக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. மடத்துக்குப் பொறுப்பாளர் அப்பா. ஒரு மத்தியானம் கடையை விட்டு நேரே வந்து, தாழ்வாரத்தில் நின்று சத்தம் போட்டார்.

"வே பெட்டிக்காரரே! வர்ற வெள்ளிக்கிழமை மடத்துக்காரங்க இங்கே வந்து இந்தப் பெட்டியைப் பரிசோதிக்கப் போறாங்க. காத்து நின்னா வேலை ஒமக்கு. ஒழுகிச்சோ, இந்தத் திருவனந்தபுரத்திலே ஒம்மகிட்டே ஊதல்கூட ஒருத்தன் வாங்க மாட்டான். நாகர்கோவிலுக்கு வண்டி ஏறிரும்."

"சரி அண்ணாச்சி" என்றார் அவர். கதவுக்குப் பின்னால் அத்தை நின்றுகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வரை எனக்குத்தான் தூக்கமில்லை. பெட்டிக்காரர் ஊரைவிட்டுப் போய்விடுவாரே என்று செருப்போடு பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அத்தை அந்தப் பக்கமே வரவில்லை. கோணி ஊசி கூட அப்பாவின் கடைக்குத் திரும்பிப் போயிருந்தது.

மடத்துக்காரர்கள் வந்தார்கள். பெருங்காயக் கடைக்காரரும் வேடிக்கை பார்க்க வந்தார். பெட்டிக்காரர் துவாரங்களை அடைத்து, துருத்தியை விரித்து, கையை எடுத்தார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வெற்றிலை போட்டார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், காப்பி குடித்தார்கள், மறுபடி குனிந்து பார்த்தார்கள். துருத்தி வைத்தது வைத்தபடி நின்றது. அப்பா எழுந்து நின்று, பெட்டியைத் தானே செய்ததுபோல எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

"ஒண்ணாந்தரம்! கண்ணை மூடிக்கிட்டு வேலையைக் கொடுக்கலாம்."

எல்லோரும் பெட்டிக்காரரை மெச்சினார்கள். அவர் மட்டும் நின்றுகொண்டிருந்த துருத்தியைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு பசைக்கிண்ணத்தையும் அரத்தையும் பைக்குள் போட்டுக்கொண்டு, கொஞ்சம் உரக்கவே சொன்னார்: "இனி என்னைக் கூப்பிட வேண்டியிருக்காது அண்ணாச்சி."

சரக்கு விற்கிறவன் இதைவிட நல்ல வார்த்தை சொல்ல முடியாது என்று அப்பா வெகுகாலம் அதை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்.

நான் சந்தோஷத்தைச் சொல்ல உள்ளே ஓடினேன். அத்தை அடுக்களையில் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். பாவம், உள்ளே இருந்ததால் பரிசோதனை நல்லபடியாக முடிந்தது தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அழாத அத்தே. காத்து நின்னுட்டு. பெட்டிக்காரர் ஊருக்குப் போக மாட்டாரு. இனிமே அது கேடாகவே ஆகாது அத்தே, ஒருநாளும் ஆகாது!"

அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு முன்னிலும் அதிகமாக அழுதாள். பெரியவர்கள் சந்தோஷத்திலும் அழுவார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்லிவிட்டேன் என்ற திருப்தியோடு, அவள் அழுது முடிகிறவரை அப்படியே படுத்திருந்தேன்.