அத்தை தொடாத தொட்டில்

தொண்ணூறுகளின் நடுவில், வெயில் கொளுத்திய ஒரு சித்திரை மாதம். மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் குடியிருந்தோம். என் பெற்றோர் கல்கத்தாவில் இருந்ததால் தலைப்பிரசவம் புகுந்த வீட்டுப் பொறுப்பிலேயே நடந்தது. பெண் குழந்தை.

பெயர் வைத்த அன்று மாலை தொட்டில் போட ஏற்பாடு. எங்கள் வழக்கப்படி குழந்தையைத் தொட்டிலில் விட வேண்டியவள் அத்தை, அதாவது என் கணவரின் தங்கை. தி.நகரில் இருந்தாள். நான் உண்டானது தெரிந்ததிலிருந்து என்னைவிட அதிகம் ஆசைப்பட்டவள் அவள்தான். கடை கடையாக ஏறி இறங்கி, தொட்டிலுக்குப் புடவையும் கிலுகிலுப்பையும் வாங்கி அனுப்பியிருந்தாள்.

வந்தவள் கூடத்துக்குள் வரவேயில்லை. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றாள். மாமியார் குழந்தையை நீட்டினார். அவள் சட்டென்று பின்னால் நகர்ந்து, "நீயே விட்டுடும்மா, நான் தொடலை" என்றாள். கொல்லைப்பக்கம் சுற்றிப் போய்க் காபியைத் தூக்கிக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே தேய்த்துத் தனியாகக் கவிழ்த்தாள்.

கூடத்தில் கிசுகிசுப்பு ஆரம்பித்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கல்யாணமாகிச் சில வருடமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை, அந்த வருத்தமா? பெண் பிறந்தது பிடிக்கவில்லையா? நான்தான் ஏதாவது பேசிவிட்டேனா? மாமியார் தொட்டிலில் விட்டதும், கொல்லைப்பக்கம் போய் அவளிடமே கேட்டுவிட்டேன்.

கைக்குட்டையை எடுத்தாள். கீழுதட்டு ஓரத்தில் கொத்தாக நீர்க்கொப்புளங்கள்.

"வெயில்ல அலைஞ்சாலோ தூக்கம் கெட்டாலோ எனக்கு இது வந்துடும் மன்னி. பிறந்த குழந்தைக்கு ஒட்டிண்டா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அத்தனை பேர் நடுவுல எப்படிச் சொல்றது?"

விஷயம் தெரிந்ததும், பல்லி எச்சம் பட்டிருக்கும், வெண்ணெய் தடவினால் சரியாகிவிடும் என்றார் மாமியார். யாரை நம்புவது? உதட்டுப் புண்ணுக்கும் உயிருக்கும் என்ன சம்பந்தம்?

சில நாள் கழித்து, காலையில் எழுந்தபோது என் உதட்டில் சுருசுருவென்று இருந்தது. மத்தியானத்துக்குள் கொப்புளங்கள். ஆடிப்போய்விட்டேன். அவள்தான் என்னைத் தொடக்கூட இல்லையே! குழந்தை பாலுக்கு அழுதது. தூக்குவதா, கூடாதா? அழுதுகொண்டே நாத்தனாருக்குப் போன் செய்தேன். ஆட்டோ பிடித்து வந்து, எங்கள் இருவரையும் அடையாறில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

அவர் முதலில் குழந்தையைத்தான் நன்றாகப் பரிசோதித்தார். இது ஒரு வைரஸ், எதிர்ப்புச் சக்தி இல்லாத பச்சைக் குழந்தைக்கு மூளைவரை பரவிவிடலாம் என்றார். பலருக்கு இது சின்ன வயதிலேயே தெரியாமல் தொற்றி உள்ளே தங்கிவிடும், அலுப்பும் காய்ச்சலும் வெயிலும் வெளியே கிளப்பிவிடும் என்றார். மார்பில் புண் இல்லாததால் பால் கொடுக்கலாம். ஆனால் வாயை மூடித் துணி கட்ட வேண்டும், தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், புண்ணைக் கிள்ளக்கூடாது, துண்டும் டம்ளரும் தனி. புண் முழுக்க ஆறும்வரை முத்தம் கூடவே கூடாது. குழந்தைக்குச் சுரம் வந்தாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடனே ஓடி வர வேண்டும்.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு! உச்சந்தலை வாசனைக்குத் தானாகக் குனிவேன், திடுக்கிட்டு நிமிர்வேன். குழந்தை குடிக்காமல் கண் மூடினால், இது தூக்கமா நோயா என்று தெரியாமல் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். தன் புண் ஆறியதும் நாத்தனார் மத்தியானங்களில் வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். "நீங்க தூங்குங்கோ மன்னி, அதுதான் உங்களுக்கு மருந்து" என்பாள்.

நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் உதடும் ஆறிய பிறகு, முதல் முத்தத்தை அவளைத்தான் கொடுக்கச் சொன்னேன். அப்போதும் யோசித்து, பிஞ்சு உள்ளங்காலில் மட்டும் கொடுத்தாள்.

எனக்கு அது எப்போது, யாரிடமிருந்து ஒட்டியது என்று இன்றுவரை தெரியாது; ஆனால் கிட்டே போகாமலே ஒரு குழந்தையின்மேல் அத்தனை ஆசையைக் காட்ட முடியும் என்பதை அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.