இரண்டு டர்போ தின்ற காரும் டீசல் அக்காவும்

சைலன்சரின் வாயருகே ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்தபடி டீசல் அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு மனதுக்குள் இருபது எண்ணுகிறார். எண்ணி முடித்ததும் துணியை வெளிச்சத்தில் பார்க்கிறார், கட்டைவிரலால் தேய்க்கிறார், மூக்கருகே கொண்டுபோகிறார். காய்ந்த கரி என்றால் டீசல் சரியாக எரியவில்லை. பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால் ஆயில் எரிகிறது. ஒன்றுமே படியவில்லை என்றால் வண்டிக்காரரை நிமிர்ந்து பார்த்து, "வண்டி நல்லா இருக்கு. ஓட்டுறவர்தான் கொஞ்சம் சரியில்ல," என்பார். சொல்லும்போது சிரிக்க மாட்டார். சிரிப்பதா வேண்டாமா என்று வந்தவர்தான் முழிப்பார்.

துணிக்குப் பஞ்சமில்லை. கட்டடத்தின் முன்பாதி அவர் கணவரின் தையல் கடை. பின்பாதி அக்காவின் பட்டறை. நடுவில் தடித்த பிளாஸ்டிக் திரை. பட்டறையின் வாடை சட்டைகளில் ஏறிவிடக் கூடாது என்று தையல்காரர் மாட்டியது. ஆனாலும் ஏறிவிடும். அந்தக் கடையில் தைத்த சட்டையை முகர்ந்தே சொல்லிவிடலாம் என்று தெருவில் கேலி உண்டு. வெட்டி மிஞ்சும் வெள்ளைத் துண்டுகளை அவர் ஒரு வாளியில் போட்டு வைப்பார். அக்கா வந்து அள்ளிக்கொண்டு போவார்.

அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைத்தான் வேலைக்குப் போட்டுக்கொள்வார். மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலை மின்கம்பியால் சுற்றியிருக்கிறார். மாற்ற நேரமில்லையாம், ஆறு வருடமாக. கழற்றும் போல்ட்டுகளை முட்டை வைக்கும் அட்டைத் தட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைப்பார். அந்தத் தட்டை யாராவது நகர்த்திவிட்டால் அன்று முழுவதும் அவரோடு பேச்சுவார்த்தை கிடையாது. வண்டி கொண்டுவருகிறவர் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது இன்னொரு சட்டம். "பம்ப் போயிடுச்சுக்கா," என்று யாராவது ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "எங்க வலிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. என்ன நோயின்னு நான் சொல்றேன்."

சுலபமான வேலை வந்தால் அக்காவின் முகம் தொங்கிப் போகும். குழப்பமான வேலை வந்தால் நடையே மாறிவிடும். பத்தடி தூரத்துக்குக்கூட ஓட்டமும் நடையுமாகப் போவார். திரைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டே, காலடிச் சத்தத்தை வைத்து, இன்றைக்கு எப்படிப்பட்ட வண்டி வந்திருக்கிறது என்று தையல்காரர் சொல்லிவிடுவார்.

மாட்டு டாக்டர் வந்த காலையில் அந்தச் சத்தம் தையல் இயந்திரத்தையும் மீறிக் கேட்டது.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வண்டி, பதினொரு வருடம் ஓடிய டீசல் கார். பின் இருக்கை முழுக்க ரப்பர் பூட்ஸ், கயிறு, மருந்துப் பெட்டி. டர்போ என்று வாயெடுத்தவரை அக்கா வழக்கம்போல் நிறுத்தி, எங்கே வலிக்கிறது என்று கேட்டார். சமதளத்தில் ஓடுகிறது, மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்றார் டாக்டர். கூடவே சைரன் மாதிரி ஒரு ஊளை. நீலப் புகை. மூன்று மாதத்துக்கு முன் இதே கோளாறு வந்து, வேறொரு பட்டறையில் புத்தம் புது டர்போ மாட்டினார்கள். இப்போது அதே ஊளை, அதே புகை. இஞ்சினே போய்விட்டது, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்று அந்தப் பட்டறையிலேயே சொல்லிவிட்டார்களாம். வாங்க ஆளும் பார்த்தாகிவிட்டது. நான்கு நாளில் வந்து எடுத்துப் போவார்.

"அப்ப என்கிட்ட எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார் அக்கா.

டாக்டர் நடந்ததைச் சொன்னார். போன வாரம் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பண்ணையில் ஒரு பசுவுக்குப் பிரசவ வலி. கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. இருபது நிமிட வழி. இந்தக் கார் அந்த மேட்டில் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்தது. போய்ச் சேரும்போது பசு பிழைத்திருந்தது, கன்று இல்லை. வேறு கார் வாங்க இன்னும் ஒரு வருடமாவது ஆகும், அதுவரை அந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்கு யார் போவது என்று கேட்டுவிட்டுக் கார் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா துணியை எடுத்துக்கொண்டு சைலன்சரிடம் போனார். இருபது எண்ணி எடுத்த துணி, வடை மடித்த தாள் மாதிரி எண்ணெயில் நனைந்திருந்தது.

புகை வெளியேறும் வேகத்திலேயே சுழன்று, இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ஒரு சிறு விசிறிதான் டர்போ. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதன் அச்சு ஓர் இழை ஆயிலின் மேல் மிதந்துகொண்டிருக்க வேண்டும். அக்கா பானெட்டைத் திறந்து, காற்று வடிகட்டியைக் கழற்றி, டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயின் வாயைத் திறந்து வைத்தார். ஊளை எங்கிருந்து கிளம்புகிறது என்று கேட்க வேண்டும். டாக்டரை உள்ளே உட்காரச் சொல்லி, நிதானமாக ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார்.

முதலில் ஊளை கேட்டது. பிறகு அது நின்று, இஞ்சினின் சத்தம் தானாக ஏற ஆரம்பித்தது. டாக்டர் காலை எடுத்துவிட்டார். சத்தம் இன்னும் ஏறியது. சாவியைத் திருப்பி அணைத்தார், அணையவில்லை. சாவியைப் பிடுங்கியே விட்டார். சாவி கையில் இருக்க, இஞ்சின் வெறி பிடித்ததுபோல் அலறியது. பட்டறை முழுக்க வெண்புகை. கார் நின்ற இடத்திலேயே தடதடவென்று குதித்தது. டர்போவில் ஆயில் கசியாமல் தடுத்து நிறுத்தும் சீல் முழுவதுமாகப் பிய்ந்துவிட்டது. இனி டீசல் தேவையில்லை. தன் சொந்த ஆயிலையே குடித்து எரித்துக்கொண்டு, உடைந்து சிதறும்வரை அது ஓடும்.

"எறங்குங்க டாக்டர். வெளிய போங்க."

டாக்டர் இறங்கினார், ஆனால் வெளியே போகவில்லை. சாவியைப் பிடித்தபடி கார் பக்கத்திலேயே நின்றார். அந்த நேரம் பார்த்து, சாப்பிட வருகிறாயா என்று கேட்பதற்காகத் திரையை விலக்கிக்கொண்டு தையல்காரர் வந்தார். கக்கத்தில் தடித்த அட்டை போட்ட அளவு நோட்டுப் புத்தகம். இந்தச் சத்தத்திலும் புகையிலும் அக்காவின் கண்ணுக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. துணியை வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும். கையை வைத்தால் கை போய்விடும். தட்டையாக, கெட்டியாக ஏதாவது வேண்டும். நோட்டை உருவி, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, திறந்திருந்த குழாயின் வாயில் அறைந்து அழுத்தினார். காற்று அதைக் கப்பென்று கவ்வியது. அட்டை உள்நோக்கிக் குழிந்தது. அக்கா மொத்த உடம்பையும் சாய்த்துக்கொண்டு நின்றார். மூச்சு அடைபட்ட இஞ்சின் இரண்டு முறை திமிறியது, ஒரு முறை உலுக்கியது, நின்றது.

அதற்குப் பிறகு வந்த அமைதியில் தெருவில் போன சைக்கிளின் மணிகூடக் கேட்டது.

தையல்காரர் நோட்டை வாங்கிப் பார்த்தார். அட்டையில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. "இதுல எரநூறு பேரோட இடுப்பளவு இருக்கு. ஒரு பக்கம் போயிருந்தா யாரு பேன்ட்டு யாருக்குப் போகும்னே தெரியாது," என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு அக்கா டாக்டரிடம் திரும்பினார். கண்கள் பளபளவென்றிருந்தன.

"மூணு மாசத்துல எந்த டர்போவும் தானா சாகாது டாக்டர். இத யாரோ கொன்னிருக்காங்க. மூணு நாள் குடுங்க."

அக்காவுக்கு இன்னொரு பயம் இருந்தது. வெறிபிடித்து ஓடியதில் இஞ்சினே உடைந்திருக்கலாம். அன்று பகல் முழுவதும் ஆற விட்டு, கம்பியை மாட்டிக் கையாலேயே இஞ்சினைச் சுற்றிப் பார்த்தார். எங்கும் இடிக்கவில்லை, உராயவில்லை. ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தத்தை அளந்தார். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு, இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்காவது அளவைப் பார்த்தபோது அக்கா பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி நடந்துவிட்டு வந்தாராம், உட்கார முடியவில்லையாம்.

மறுநாள் டர்போவைக் கழற்றினார். சூட்டில் வெந்து துருவேறிய போல்ட்டுகள் லேசில் வருவதில்லை. எண்ணெய் விட்டு, காத்திருந்து, கால் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று கொஞ்சிக் கொஞ்சித்தான் எடுக்க வேண்டும். ஒன்று உடைந்தாலும் இரண்டு நாள் வேலை. ஒன்பதும் உடையாமல் வந்து முட்டைத் தட்டில் உட்கார்ந்தன. டர்போவின் விசிறியை விரலால் அசைத்தார். ஆடவே கூடாத அச்சு, ஆடும் பல் மாதிரி எல்லாப் பக்கமும் ஆடியது.

பாதி ஆட்கள் இங்கேதான் நிறுத்துவார்கள். பழையதைக் கழற்று, புதியதை மாட்டு. அக்கா நிறுத்தவில்லை. டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் இரும்புக் குழாயைக் கழற்றினார். விரல் தடிமன்கூட இல்லாத, வளைந்த குழாய். வாய் வைத்து ஊதினார். காற்று இழையாகத்தான் போனது. திரைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி ஊசி ஒன்று கேட்டார். குழாயை இஞ்சினோடு இணைக்கும் போல்ட்டின் நடுத்துளையில் ஊசியை நுழைத்துப் பார்த்தார். பாதியில் நின்றது. தட்டினால் கறுப்பாகக் கெட்டிக் கரி பொலபொலவென்று உதிர்ந்தது.

மாலையில் டாக்டர் வந்தபோது அந்த ஊசியும் போல்ட்டும் அவர் உள்ளங்கையில் வைக்கப்பட்டன. புதிய டர்போ போட்டவர்கள் இந்தப் பழைய குழாயையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். போதுமான ஆயில் இல்லாமல் புதியதும் வறண்டு தேய்ந்துவிட்டது. அந்தப் பட்டறைக்காரர்மேல் டாக்டருக்குக் கோபம் வந்தது. அக்கா தலையாட்டவில்லை. பத்து வருடத்துக்கு முன் தானும் ஒரு வண்டிக்கு இப்படித்தான் செய்ததாகவும், மூன்றே வாரத்தில் அது திரும்பி வந்ததாகவும், தன் கைக்காசில் இன்னொரு டர்போ வாங்கிப் போட்டதாகவும் சொன்னார். பிறகு, குழாயில் கரி ஏன் பிடித்தது தெரியுமா என்று கேட்டார். பண்ணைக்குப் போய்ச் சேர்ந்ததும் டாக்டர் என்ன செய்வார்?

வண்டியை நிறுத்திவிட்டு ஓடுவேன் என்றார் டாக்டர். வேறென்ன செய்ய?

"மேடேறி வந்த டர்போ கொதிச்சுக்கிட்டு இருக்கும். சாவியத் திருப்பின உடனே ஆயில் ஓட்டம் நின்னுடும். நின்ன ஆயிலு அங்கயே வெந்து கரியாகும். தெனம் கொஞ்சம் கொஞ்சமா."

டாக்டர் ஊசியை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். "அங்க மாடு கத்திக்கிட்டு இருக்கும்போது நான் வண்டிக்குள்ள எப்படிக்கா உக்காந்திருப்பேன்?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உக்காராதீங்க. வண்டி ஓடிட்டே இருக்கட்டும். எறங்கி பூட்ஸ் போடுங்க, கையுறை மாட்டுங்க, பெட்டிய எடுங்க. எல்லாம் முடிச்சிட்டு சாவியத் திருப்புங்க. உங்க மாட்டுக்கும் நேரம் போகாது, என் டர்போவும் பொழைச்சுக்கும்."

டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார்.

மூன்றாம் நாள் புதிய டர்போ வந்தது. அதற்குள் அக்கா இஞ்சினின் அடிச்சட்டியை இறக்கி, ஆயில் உறிஞ்சும் சல்லடையைக் கழுவி, காற்றைக் குளிர்விக்கும் பெட்டிக்குள் தேங்கிக் கிடந்த ஆயிலை முழுவதும் வடித்து வைத்திருந்தார். அதில் ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் மறுபடி வெறி பிடிக்கும். புதுக் குழாய், புது போல்ட், புது கேஸ்கெட், புது ஆயில். மாட்டும் முன் புதிய டர்போவின் வாய்க்குள் கொஞ்சம் ஆயில் ஊட்ட வேண்டும். வறண்ட தொண்டையோடு முதல் சுற்றுச் சுற்றக் கூடாது. அக்காவின் ஆயில் புட்டியின் மூக்கு அந்தத் துளைக்குப் பெரிதாக இருந்தது. டாக்டர் காருக்கு ஓடி, மாட்டுக்கு மருந்து புகட்டும் பெரிய சிரிஞ்சு ஒன்றைப் பொட்டலம் பிரிக்காமல் கொண்டுவந்தார். சிரிஞ்சைப் பிடிக்கும் விதத்தை அவர் காட்ட, விசிறியை விரலால் மெல்லச் சுற்றிவிட்டபடி அக்கா ஊட்டினார். அதற்குப் பிறகும் சாவியை முழுதாகத் திருப்பவில்லை. டீசலைத் தடுத்து வைத்துவிட்டு, டர்போவைத் தாண்டி ஆயில் வெளியே வரும் வரைக்கும் இஞ்சினைச் சும்மா சுற்ற விட்டார். தேன் நிறத்தில் ஆயில் வழிந்தபோது, "வந்துட்டான்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு கிளப்பினார். தையல்காரர் இந்த முறை நோட்டுப் புத்தகத்தைத் திரைக்கு அந்தப் பக்கமே வைத்துவிட்டு வந்து நின்றார். மூன்று பேரும் இஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊளை இல்லை. சத்தம் ஏறச் சொன்னால் ஏறியது, இறங்கச் சொன்னால் இறங்கியது. பத்து நிமிடம் கழித்து அக்கா சைலன்சரருகே துணியைப் பிடித்தார். இருபது எண்ணினார், சந்தேகம் வேண்டாமென்று இன்னும் இருபது எண்ணினார். துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் மட்டும்.

மேட்டுக்கு அக்காதான் ஓட்டினார். பக்கத்தில் டாக்டர், மேலே இருந்த கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு. அடிவாரத்து வளைவைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. வண்டி இங்கேதான் சோரும் என்று டாக்டர் ஒரு மரத்தைக் காட்டினார். அந்த மரம் கடந்துபோனது. பாதி ஏற்றத்தில் அக்கா அழுத்தி மிதித்தார். மெல்லிய சீழ்க்கை ஒன்று கிளம்பியது, ஆரோக்கியமான டர்போவின் சீழ்க்கை. முதுகை இருக்கையோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு கார் மேலே பாய்ந்தது. முன்னால் திணறிக்கொண்டிருந்த லாரியைத் தாண்டியது. உச்சியில் காற்றுச் சிலுசிலுவென்று உள்ளே வந்தபோது டாக்டர் கைப்பிடியை விட்டுவிட்டு, வாங்க வருகிறவரை வர வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்தார்.

அவர் பேசி முடிக்கும்போது கார் திரும்பி, இறங்கி, அடிவாரத்துக்கு வந்துவிட்டது. பட்டறைக்கு இடதுபக்கம் போக வேண்டும். டாக்டர் கையைக் காட்டினார். அக்கா அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. சாலை அகலமாக இருந்த இடத்தில் ஸ்டியரிங்கை ஒரே வீச்சில் ஒடித்து, காரை மறுபடி மேட்டைப் பார்க்க நிறுத்தி, ஜன்னல் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, கியரைப் போட்டார்.