அவிநாசி நிற்காத பஸ்

என் வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து மாமியார் என்னைக் கேட்டைத் தாண்ட விடுவதில்லை. வருஷம் திரும்பணுமாம்.

இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வாசலில் பஸ் ஓட்டினார்கள். கவிழ்த்த பக்கெட்டுகள்தான் சீட்டு. ஸ்டியரிங்குக்கு ஒரு தட்டு கேட்டார்கள். அவர் சாப்பிட்ட தட்டைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

நானும் ஒரு பக்கெட்டில் உட்கார்ந்தேன்.

கண்டக்டர் யாழினி ஒன்றாம் வகுப்பு. "ஏனுங்கக்கா, எங்கீங்க போகோணும்?"

"அவிநாசி, கண்ணு. எங்கம்மா ஊடு."

"அவிநாசியெல்லாம் நிக்காதுங்க. ஈரோடு மட்டும் ஏறுங்க."

எழுந்தேன்.

"வண்டி போறப்ப எறங்காதீங்க, உளுந்துபோடுவீங்க" என்று அதட்டல் வேறு.

மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

அவிநாசிக்குள் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாமியார் ஃபேஸ்புக் பார்ப்பதில்லை.