பொங்கல்படியில் வந்த பதினைந்து இஞ்ச் சக்கரங்கள்

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பேச்சு அதற்கும் முன்பே நின்றுவிட்டது என்பாள் என் மனைவி. போன் வந்தால் எடுத்து அவளிடம் நீட்டிவிடுவேன். வாழைத்தார் ஏற்றும் வேன் ஓட்டுகிறவனுக்குப் பேச்சு அவ்வளவாகத் தேவைப்படவும் இல்லை. தார் எதுவும் கேள்வி கேட்பதில்லை.

அப்படிப்பட்ட நான் கார் பந்தயத்துக்குப் போய் நின்றதற்கு அந்த வேன்தான் காரணம். சேரன்மகாதேவிப் பக்கம் மூடிக்கிடக்கும் ரைஸ் மில் ஒன்றில், நெல் காயப்போடுகிற பெரிய சிமெண்டுக் களம் இருக்கிறது. அங்கே ஆட்டோகிராஸ் நடத்தப்போகிறோம் என்று சிலர் கூம்புகளை ஏற்றிப்போக என் வேனை வாடகைக்குப் பிடித்தார்கள். ரோடு போடும் இடத்தில் வைப்பார்களே, அந்த ஆரஞ்சுக் கூம்புகள்தான். அவற்றை வளைந்து வளைந்து நட்டு, ஒவ்வொரு காராக உள்ளே விட்டு நேரம் பார்த்தார்கள். கூம்பைத் தட்டினால் நேரம் கூடும். பக்கத்தில் இன்னொரு கார் கிடையாது, முந்துகிறவன் கிடையாது, யாரோடும் பேச வேண்டியதும் கிடையாது. எனக்கென்றே கண்டுபிடித்த விளையாட்டு போல இருந்தது.

வீட்டில் பழைய சின்னக் கார் ஒன்று நின்றது. அடுத்த போட்டிக்கு அதைக் கொண்டுவரலாமா என்று கேட்க நினைத்து, கூம்புகளைத் திரும்ப ஏற்றி முடிக்கிறவரை கேட்காமலே நின்றேன். போட்டி நடத்தும் பல் டாக்டரம்மா தானாகவே வந்து கேட்டார்.

“என்ன அண்ணாச்சி, காலைலேருந்து கூம்பையே பாக்குறீங்க. வண்டி இருக்கா?”

தலையாட்டினேன்.

“சக்கரம் எத்தனை இஞ்ச்?”

“பதிமூணு.”

“அதையே வச்சுக்கோங்க. பெரிசு மாட்டணும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பெரிய சக்கரம் கனம் கூட. வளைவுல நின்னு கெளம்பும்போது உங்க சின்ன இஞ்சின் திணறும். பதிமூணுல டயரும் எல்லாக் கடையிலயும் கிடைக்கும். கத்துக்கிற காலத்துல டயர் ரொம்பத் தேயும், பாத்துக்கோங்க. பிடிமானமுள்ள டயரா நாலு போடுங்க, போதும். நல்லா வந்தா கோயம்புத்தூர்ப் பக்கம் ரேஸ் டிராக்குக்கும் இதே சக்கரத்தோட போகலாம்.”

அந்த வாரமே நல்ல டயர் நாலு வாங்கி, பழைய பதிமூன்று இஞ்ச் ரிம்மிலேயே போட்டுவிட்டேன். அதன்பிறகு பொங்கல் வந்தது.

எங்கள் பக்கம் பெண் கொடுத்த வீட்டிலிருந்து வருஷா வருஷம் பொங்கல்படி வரும். என் மனைவியின் அண்ணன் கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கம்பெனி வைத்திருக்கிறார். கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு, அரிசி, வெல்லம் எல்லாம் ஆட்டோவிலிருந்து இறங்கின. கடைசியாக, டயரோடு நாலு அலாய் சக்கரங்கள் இறங்கின. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். தாம்பாளம் கொள்ளாததால் ஒரு சக்கரத்தின் மேலே தாம்பாளத்தை வைத்து, அதில் வெற்றிலை பாக்கு வைத்திருந்தார்.

“பதினஞ்சு இஞ்ச், மாப்ள! ரேஸுக்குப் போறீராம்லா? தங்கச்சி சொன்னா. நம்ம வீட்டு மாப்ள பொடி சக்கரத்துல போயி நிக்கலாமா?”

“பதிமூணு…” என்றேன்.

“அதான் வே, பொடிசு. அப்பளத்துலயே பெருசுக்குத்தான் மவுசு. சக்கரத்துக்குக் கேக்கணுமா?”

பொங்கல்படியில் வந்த பொருளை வேண்டாம் என்று சொல்வது, அண்ணனையே வாசலில் நிறுத்தி அனுப்புவதுபோல. மனைவி தெருவைப் பார்த்தபடி பெருமையாக நின்றாள். எதிர்வீட்டுக்காரி வெளியே வந்துவிட்டாள். போல்ட் ஓட்டையாவது பொருந்தாது என்று மனதைத் தேற்றிக்கொண்டு மாட்டிப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்டும் டயர் மட்கார்டில் உரசிக் கர்ர்ரென்றது. கூம்புப் போட்டியோ முழுக்க ஒடிப்பதுதான்.

போட்டியன்று காலையில் பதினைந்தையே மாட்டிக்கொண்டு, பதிமூன்றில் இரண்டை டிக்கியிலும் இரண்டைப் பின்சீட்டிலும் வைத்துப் பெட்ஷீட்டால் மூடினேன். அண்ணன் வராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்கு. மனைவி பெட்ஷீட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

“இது என்னதுங்க?”

“ஸ்டெப்னி.”

“நாலா?”

நான் வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

அண்ணன் வந்திருந்தார். காலை ரயிலிலேயே வந்து இறங்கி, வெள்ளை வேட்டி சட்டையில், கல்யாணத்துக்கு வந்தவர்போலக் களத்து ஓரம் நின்றார். பக்கத்தில் நின்ற பல் டாக்டரம்மாவிடம், “அந்தச் சக்கரம் நாம எடுத்துக் குடுத்தது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஆளுக்கு இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் முதல் வளைவிலேயே கர்ர்ர். வளைவு முடிந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி யோசித்து யோசித்துக் கிளம்பியது. உரசுகிறதே என்று பயந்து ஸ்டியரிங்கைப் பாதி ஒடித்ததில் ஒரு கூம்பு போனது. அடுத்ததில் இன்னொன்று. மூன்றாவதாகப் போன கூம்பு வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டு கடைசிவரை கூடவே வந்தது. களமே சிரித்தது. என் மனைவியும் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

அண்ணன் வேகமாக வந்தார். “என்ன வே மாப்ள, வண்டி இப்படிக் கரையுது? கூம்பையெல்லாம் அள்ளிட்டுல்லா வாரீரு?”

இன்னும் ஒரே ஓட்டம்தான் இருந்தது. அதையும் இப்படியே ஓட்டினால், அடுத்த தடவை கூம்பு ஏற்றத்தான் இந்தக் களத்துக்கு வருவேன் என்று தெரிந்தது.

“மச்சான்… சக்கரம் பெரிசு.”

“பெரிசுன்னா?”

“ஒடிச்சா உரசுது. நான் முன்னாடியே பதிமூணுக்கு டயர் வாங்கிப் போட்டுட்டேன். நீங்க பொங்கப்படியில கொண்டாந்ததுனால சொல்லல.”

ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தார்.

“எனக்குத் தெரியும்ணே,” என்றாள் அவள். “பெட்ஷீட்டுக்கு அடியில அதுதான் கெடக்கு.”

“அப்ப உமக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும், அந்தா நிக்காகளே பல்லு டாக்டரு, அவுகளுக்கும் தெரியும். கொண்டாந்தவனுக்கு மட்டும் தெரியாது!”

முகம் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஓட்டுறது உம்ம இஷ்டம். ஆனா ஒண்ணு. உங்க தெருவுக்குள்ள போகும்போது வண்டி என் சக்கரத்துலதான் போகணும். சரியா?”

“சரி மச்சான்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ஜாக்கி போட உட்கார்ந்தார். கழற்றிய சக்கரங்களைத் துண்டால் துடைத்து நிழலில் அடுக்கினார். அடுக்கின் மேல் மனைவி உட்காரப் போனபோது, “ஏட்டி, சந்தனம் குங்குமம் வச்சது!” என்று எழுப்பிவிட்டார்.

இரண்டாவது ஓட்டத்தில் பதிமூன்று இஞ்ச் சக்கரம் நான் சொன்ன இடத்துக்கெல்லாம் போனது. வளைவு முடிந்ததும் வண்டி துள்ளிக் கிளம்பியது. ஒரு கூம்புகூட அசையவில்லை. பரிசெல்லாம் இல்லை, பட்டியலில் நடுவில் எங்கேயோ வந்தேன். ஆனால் டாக்டரம்மா என் பக்கம் கட்டைவிரலை உயர்த்தினார். “பாத்தியாட்டி, எப்படி ஒடிக்காருன்னு!” என்று அண்ணன் கத்தியது வண்டிக்குள்ளேயே கேட்டது.

சாயங்காலம் மறுபடி பதினைந்தை மாட்டினோம். பதிமூன்றில் இரண்டு டிக்கியில், இரண்டு பின்சீட்டில் மனைவியின் பக்கத்தில். அண்ணன் முன்சீட்டில் ஏறிக் கண்ணாடியை முழுக்க இறக்கினார். எங்கள் தெரு நெருங்கியதும், “பைய போம் வே, நாலு பேரு பாக்கணும்லா” என்றார்.

தெருமுக்கு குறுகல். முழுக்க ஒடித்தால்தான் வண்டி திரும்பும். கர்ர்ரென்ற சத்தத்தில் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னார்.

“ரேஸ் காருன்னா அப்படித்தான் வே சத்தம் வரும்!”