கால் எடுக்கக் கூடாது என்றேன்

ஆந்திர எல்லையில் சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வந்த புதிது. வேலை தேடி சென்னைக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர்கள், வாசலுக்கே வரும் கம்பெனி வேனில் ஏறிப் போக ஆரம்பித்த காலம். டிப்ளமோ படித்துவிட்டு இரண்டு வருடம் சென்னையில் அல்லாடித் திரும்பிய எனக்கும் அங்கே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பேக்கிங் பிரிவில் லைன் லீடர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஸ்டாப்வாட்ச். தலைகால் புரியவில்லை எனக்கு.

என் லைனில் இருந்தவர்கள் எல்லோரும் கான்ட்ராக்ட் ஆட்கள். அதில் நாற்பதைத் தாண்டிய ஒரு அம்மா இருந்தார். பக்கத்து ஊர்க்காரர். கம்பெனி வருவதற்கு முன் எங்கள் நிலத்துக்குத்தான் கூலிக்கு வருவார். வேர்க்கடலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு சாண் வரப்பில் அவர் நடப்பதைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் தடுமாறியதில்லை. அவருடைய மகளும் என் லைனிலேயே ஸ்டிக்கர் ஒட்டும் வேலையில் இருந்தாள்.

அந்த அம்மாவின் வேலை, பெல்ட்டில் வரும் பெட்டியைத் தூக்கிப் பின்பக்கம் இருக்கும் மரத்தட்டில் அடுக்குவது. ஒரு பெட்டி பன்னிரண்டு கிலோ. அவர் பெட்டியை வயிற்றோடு அணைத்துத் தூக்குவார். பிறகு குட்டிக் குட்டியாக மூன்று, நான்கு அடி வைத்து, முழு உடம்போடு திரும்பிப் போய் இறக்குவார். மூட்டை சுமந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் திரும்புவார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

எண்ணிக்கை போதவில்லை என்று மேலிடத்தில் நெருக்கினார்கள். நான் ஸ்டாப்வாட்சோடு நின்று ஒவ்வொருவரையும் அளந்தேன். அந்த அம்மாவின் குட்டி அடிகளில்தான் பெட்டிக்கு இரண்டு மூன்று நொடி வீணாகிறது என்று கண்டுபிடித்தேன். என்ன ஒரு கண்டுபிடிப்பு! மரத்தட்டைக் கிட்டே இழுத்துப் போட்டு, தரையில் மஞ்சள் டேப்பால் இரண்டு பாதங்கள் ஒட்டினேன். இதில்தான் நிற்க வேண்டும், காலை எடுக்கக் கூடாது, இடுப்பை மட்டும் திருப்பினால் போதும் என்றேன்.

அவர் பத்துப் பெட்டி அப்படிச் செய்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "காலு போற பக்கந்தான் சார் ஒடம்பும் போவணும். கால நட்டுக்கினு இடுப்ப மட்டும் திருப்பிக்கினே இருந்தா புடிச்சிக்கும்" என்றார்.

"இது கழனி இல்லம்மா, கம்பெனி" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு மஞ்சள் பாதத்தில் போய் நின்றார்.

எண்ணிக்கை ஏறியது. அந்த மாதம் நோட்டீஸ் போர்டில் என் போட்டோ ஒட்டினார்கள். அவர் மட்டும் சாப்பாட்டு இடைவேளையில் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி போனேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு மதியம், பெட்டியோடு திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். பாதங்கள் பெல்ட்டைப் பார்த்திருந்தன, தோள்கள் மரத்தட்டைப் பார்த்திருந்தன. முகமெல்லாம் வியர்வை. ஏன் நிற்கிறீர்கள் என்று நான் அதட்டினேன். அந்த நிலையிலும் அவர் பெட்டியைக் கீழே போடவில்லை. மகள் ஓடி வந்து வாங்கிக்கொண்ட பிறகுதான் கீழே சாய்ந்தார்.

திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றார்கள். கூட யாராவது போக வேண்டும் என்று கம்பெனியில் சொன்னதால் பிசியோதெரபி அறைக்குள்ளும் நான் போனேன். அங்கே இருந்த தெலுங்குக்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு எங்கள் முன்னால் நின்று விளக்கினார். கீழ் முதுகெலும்பு குனிய, நிமிரத்தான் ஏற்றது. திருகுவதற்கு அதில் அதிகம் இடமில்லை. எடையோடு காலை நட்டுக்கொண்டு திருகினால், எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கப்படும். எடை உடம்பை ஒட்டி, இரண்டு பாதங்களுக்கு நடுவில் இருக்க வேண்டும். திரும்ப வேண்டுமானால் பாதங்கள் முதலில் திரும்ப வேண்டும். இப்படி, என்று குட்டிக் குட்டியாக நாலு அடி வைத்துத் திரும்பிக் காட்டினார்.

காலை எடுக்காமல் திரும்ப யார் சொல்லிக் கொடுத்தது என்று அவர் தெலுங்கில் கேட்டார். அந்த அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். யாரும் சொல்லவில்லை, அவசரத்தில் நானேதான் அப்படிச் செய்தேன் என்று தெலுங்கிலேயே பதில் சொன்னார்.

வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "பொண்ணு உங்க லைன்லதான் கீறா சார். அவள ஒண்ணும் பண்ணிடாதீங்க."

மறுநாள் விபத்து அறிக்கை என் மேஜைக்கு வந்தது. காரணம் என்ற கட்டத்தில் உண்மையை எழுதினால் கம்பெனி சிகிச்சைச் செலவை ஏற்றாக வேண்டும், அவருக்கு நஷ்டஈடு கேட்க வழி இருக்கும், என் வேலை போகும். அவரே சொல்லிவிட்டாரே என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு, "தொழிலாளி தவறான முறையில் தூக்கியதால்" என்று எழுதினேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வருவதற்குள் தரையில் இருந்த டேப்பை உரித்துவிட்டேன். கான்ட்ராக்டர் அவரை இனி வர வேண்டாம் என்றார். கைக்காசு போட்டு நாலைந்து தடவைக்கு மேல் திருப்பதிக்குப் போய்வர அவர்களால் முடியவில்லை. மகள் வேலையில் தொடர்ந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்காமலே ஸ்டிக்கர் ஒட்டினாள்.

இப்போது நான் சென்னைப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறேன். எடையோடு எப்படித் திரும்புவது என்று ஒரு வகுப்பே உண்டு. நன்றாகச் சொல்லித் தருகிறேன் என்று பாராட்டுகிறார்கள். அந்த அம்மாவால் இன்றும் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தடவை கிளம்பி, பாதி வழியில் இறங்கித் திரும்பியிருக்கிறேன். நான் போய் நின்றால் அவர் நாற்காலி எடுத்துப் போடச் சொல்லிவிட்டு, பரவாயில்லை சார் என்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டு உட்காரும் யோக்கியதை இன்னும் எனக்கு வரவில்லை.