சளிக்குப் போட்ட மாத்திரை

அம்மா தவறிய பிறகு பல மாதம் தலை சீவக்கூட மனமில்லாமல் கிடந்தேன். பாளையங்கோட்டை டாக்டர் கொடுத்த மனச்சோர்வு மாத்திரைதான் என்னைத் திரும்பப் பாடம் நடத்த அனுப்பியது. வெட்கத்தில் அதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

எழுபதுகளின் நடுவில், அந்த மாத்திரையைச் சாப்பிட்டு வந்த ஒரு மழைக்காலம். சளி பிடித்ததென்று தூத்துக்குடியில் கடை மாத்திரை வாங்கி இரண்டு நாள் போட்டேன். மூன்றாம் நாள் கரும்பலகையில் கணக்கு எழுதும்போதே கண் செருகியது. நாக்கு வறண்டு பேச்சு வரவில்லை.

துறைமுகத்தில் வேலை பார்த்த கணவர் பயந்துவிட்டார். "அந்த மனசு மாத்திரதான் இப்படி ஆக்குது. நிப்பாட்டிரு."

மறுபடியும் பழையபடி ஆகிவிடுவேனோ என்று எனக்கு நடுக்கம். டாக்டரைக் கேட்டுவிடலாம் என்று அன்றைக்கே இருவரும் பஸ் ஏறினோம்.

"வேற எதுவும் சாப்பிட்டியளா?" என்று டாக்டர் கேட்டார். சளி மாத்திரையைக் காட்டினேன்.

"ரெண்டும் சேந்தா இப்படித்தான் தூக்கமா வரும், வாயும் காஞ்சிரும். சளி மாத்திரைய விட்டுட்டு ஆவி பிடிங்க. என் மாத்திரைய நீங்களா நிப்பாட்டக் கூடாது. இனி எந்த மருந்து வாங்கினாலும் மனசு மாத்திர சாப்பிடுதேன்னு முதல்ல சொல்லிருங்க."

வெளியே வந்ததும் கணவர் இரண்டு டீ சொன்னார்.

"நல்லவேள, நீ என் பேச்சக் கேக்கல."

வாய்விட்டுச் சிரித்தேன்.